புல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு

(மாசி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன். பேச்சில் சொன்ன கணக்குகளை மட்டும் இங்கே கொஞ்சம் விரித்திருக்கிறேன்.)



நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக ஒரே வரியில் இருக்கிறது: "புல்வெளி குறித்து முடிவெடுத்தல்." அந்த ஒரு வரிக்குள் மூன்று கட்சி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கட்சி, புல்லைப் பெயர்த்துவிட்டு இன்டர்லாக் கல் பதித்தால் பன்னிரண்டு கார் நிறுத்தலாம் என்கிறது. இன்னொரு கட்சி பிளாஸ்டிக் புல் விரிக்கச் சொல்கிறது. மூன்றாவது கட்சி இருப்பது அப்படியே இருக்கட்டும், தண்ணீர் மட்டும் இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்கிறது. நான் இந்த மூன்றிலும் சேரவில்லை. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் பேரேடு எழுதியவன். எனக்குத் தெரிந்த வழி வரவு செலவு பார்ப்பதுதான். புல்லுக்கும் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுப்போம் என்பதே என் விண்ணப்பம்.

முதலில் பருவத்தைச் சொல்லிவிடுகிறேன். புல்வெளி பற்றி நாம் படிப்பதும் வீடியோவில் பார்ப்பதும் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்வது. மார்ச் வந்தால் அவர்களுக்குப் பனி உருகும், வசந்தம் பிறக்கும், உரம் போடு, விதை போடு, வெட்டு என்று கிளம்பிவிடுவார்கள். நம் பஞ்சாங்கத்தில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயர்தான் இளவேனில். அதற்குள்தான் அக்னி நட்சத்திரமும் வருகிறது. ஆகவே மாசியிலும் பங்குனியிலும் நாம் செய்யும் வேலை புல்லை வளர்க்கிற வேலை ஆகாது. வெயிலைத் தாங்க அதைத் தயார்ப்படுத்துகிற வேலை. சித்திரையில் ஒன்றிரண்டு கோடை மழை கிடைத்தால் அது நம் அதிர்ஷ்டம். அது முடிந்ததும் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, மலைக்கு அந்தப் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் காற்றாக வருவது, அது வெயிலைவிட வேகமாக ஈரத்தை உறிஞ்சும். துணி காயப்போடுகிற அம்மாமார்களுக்கு இது தெரியும்.

பி பிளாக்கின் வடக்குப் பக்கப் புல் மட்டும் ஏன் ஒவ்வொரு தையிலும் செத்துப்போகிறது என்று போன கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்கள். அதற்குத் தண்ணீர் காரணமே இல்லை. கோவை ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்தே போகும். ஐந்து மாடிக் கட்டடத்தின் வடக்குப் பக்கம் அத்தனை மாதமும் நிழலில் கிடக்கும். ஏப்ரல் 19, 20 வாக்கில், அதாவது சித்திரை முதல் வாரத்தில், நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும். அன்று நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கொடிக்கம்பத்தடியில் காட்டுங்கள். அதற்குப் பிறகு ஆவணி முதல் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு வெயில் வரும். நம்மிடம் இருப்பது அருகு. அது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் கேட்கிற சாதி. வருடத்தில் பாதிக்கு மேல் இருட்டில் கிடந்தால் எந்த உரம் போட்டும் பிரயோசனமில்லை. வடக்குத் துண்டு சுமார் 1,500 சதுர அடி. அங்கே புல்லை வளர்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவான கருத்து.

இப்போது தண்ணீர்க் கணக்கு. இதை யாரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். நம் மொத்தப் புல்வெளி 4,000 சதுர அடி, அதாவது சுமார் 372 சதுர மீட்டர். நல்ல வெயில் நாளில் அருகு போன்ற புல்லும் மண்ணும் சேர்ந்து நாலு மில்லி மீட்டர் அளவுக்குக் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 372-ஐ நாலால் பெருக்கினால் 1,488. நாளொன்றுக்கு 1,500 லிட்டர், மாதத்துக்கு 45,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட நாலு லாரி. போன கோடையில் லாரிக்கு என்ன கொடுத்தோம் என்பது பொருளாளர் ஏட்டில் இருக்கிறது, பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது புல் கேட்கிற அளவு. நாம் விடுகிற அளவு வேறு. நம் ஹோஸ் குழாயில் இருபது லிட்டர் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகிறது. தினமும் மூன்று மணி நேரம் ஓடுகிறது. 3,600 லிட்டர். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சம் எங்கே போகிறது? பாதி நடைபாதையில் வழிகிறது, மீதி கோரையை வளர்க்கிறது. தோட்ட வேலை செய்யும் அம்மா என்னிடம் அன்றைக்கே சொன்னார்: "தெனமும் தண்ணி கட்டச் சொல்றாங்க, நானும் கட்டறனுங்க. ஆனா வேரு மேலயே கெடந்து சோம்பேறியாப் போயிருமுங்க." வேளாண்மைப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வது அதுதான். தினமும் மேலாக நனைத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்காது. மூன்று நாளைக்கு ஒரு முறை, விடியற்காலையில், மண் நாலு அங்குலம் நனைகிற மாதிரி விட வேண்டும். நனைந்ததா என்று பார்க்க ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். சிரமமில்லாமல் நாலு அங்குலம் இறங்கினால் குழாயை மூடிவிடலாம்.

சரி, அந்தத் தண்ணீரும் எந்தத் தண்ணீர்? சிறுவாணித் தண்ணீர் என்றால் கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு பெருமை. வெளியூர் உறவுக்காரர்கள் வந்தால் முதலில் ஒரு சொம்பு அதைத்தான் கொடுப்போம். அதைப் புல்லுக்கு விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூருவில் என்ன நடந்தது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தட்டுப்பாடு முற்றியதும் அங்குள்ள குடிநீர் வாரியம் தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அங்கே நடந்தது இங்கே நடக்க ரொம்ப நாள் ஆகாது.

நம்மிடம் வேறு தண்ணீர் இருக்கிறது. அறுபது வீடு, வீட்டுக்கு மூன்று பேர், 180 பேர். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசுத் திட்டங்களில் வைக்கும் அளவு. மொத்தம் 24,300 லிட்டர். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் போடும் கணக்கு. சுமார் 19,000 லிட்டர். இது தினமும் நம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. சுத்தமாகி வெளியே வரும்போது ஒரு பகுதி கழிப்பறைக்குப் போகிறது, மீதி சாக்கடைக்கு. புல்லுக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முப்பது மீட்டர் குழாய் போட்டால் வேலை முடிந்தது. நாற்றம் வருமே என்று கேட்பீர்கள். நிலையம் ஒழுங்காக ஓடினால் வராது. நாற்றம் வந்தால் நிலையம் சரியில்லை என்று அர்த்தம், அதை எப்படியும் கவனித்தே ஆக வேண்டும். இரண்டு நிபந்தனை மட்டும் சொல்கிறேன். அந்தத் தண்ணீரைத் தெளிப்பானில் பூவாகத் தூவக் கூடாது, தரையோடு குழாயில் விட வேண்டும். பிள்ளைகள் விளையாட வருவதற்குப் பல மணி நேரம் முன்பே பாய்ச்சிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைச் சாலைக்கு ஒரு பாட்டில் அனுப்பி முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் நல்லது.

தண்ணீரை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். வெட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும், அதற்குக் காங்கேயம் வரை போய் வர வேண்டும்.

நான் சில வருடம் காங்கேயம் பக்கம் கிளையில் வேலை பார்த்தவன். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வரை வறண்ட பூமி. மழை குறைவு, கிணறு ஆழம். அந்தப் பூமியில்தான் காங்கேயம் காளை வளர்கிறது. எதைத் தின்று வளர்கிறது? கொறங்காட்டுப் புல்லைத் தின்று. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தச் சொல்லே தெரியாது. கொறங்காடு என்பது தனியாருடைய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்ளை நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம், அதன் காயை ஆடு மாடு தின்னும், நிழலில் படுக்கும். புல்வெளி என்றதும் நாம் வெள்ளைக்காரனை நினைக்கிறோம். கொங்கு நாட்டான் தலைமுறை தலைமுறையாகப் புல்லைப் பேணியவன், தண்ணீர் பாய்ச்சாமலே பேணியவன்.

அவர்கள் சூட்சுமம் என்னவென்றால் காட்டைப் பல துண்டாக வேலி போட்டுப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் மாட்டை விட்டால் மற்றதற்கு ஓய்வு. புல் முழுக்கக் கரம்பிப் போகும் முன் மாட்டை அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுவார்கள். சில வருடத்துக்கு ஒரு முறை உழுது விட்டுப் புல்லைத் திரும்பப் பிடிக்க வைப்பார்கள். கடன் விஷயமாக வந்த ஒரு பெரியவர் கவுண்டரில் நின்றபடியே எனக்கு இதை விளக்கினார். "மாடு தின்னதுல காடு கெடாதுங்க தம்பி, நின்னு மிதிச்சதுலதான் கெடும்" என்றார்.

புல்லின் உடம்பு அப்படி. அதற்கு வளரும் குருத்து நுனியில் இல்லை, அடியில் மண்ணை ஒட்டி இருக்கிறது. அதனால்தான் வெட்டினாலும் கடித்தாலும் மறுபடி வருகிறது. ஆனால் வேருக்குச் சோறு போடுவது இலை. மேலே இலையை ஒட்ட வழித்துவிட்டால் கீழே வேர் குறுகிப்போகும். குறுகிய வேரோடு சித்திரை வெயிலுக்குள் போனால் காய்ந்து மண் தெரியும். ஆகவே ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. மற்ற நாளில் ஓர் அங்குலம் வைத்து வெட்டுகிறோம் என்றால் பங்குனியிலிருந்து இரண்டு அங்குலம் நிற்கட்டும். பார்க்கக் கொஞ்சம் பரட்டையாக இருக்கும். "சலூன் கடையில் மெஷின் போட்ட மாதிரி இருந்தால்தான் அழகு" என்று சொல்லும் நண்பர்கள் சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெஷின் என்றதும் ஒரு செய்தி. புல் வெட்டும் இயந்திரம் ஒரு மில்லிலிருந்து வந்த யோசனை. இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பகுதியில் கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவுகிற உருளைக் கத்தியைப் பார்த்துவிட்டு, இதையே புல்லுக்கு வைத்தால் என்ன என்று எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் செய்த கருவி அது. 1888-லேயே ஸ்டேன்ஸ் துரை பஞ்சு மில் ஆரம்பித்த ஊர்க்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்தவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். கத்தி மழுங்கினால் துணி என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். புல்லும் அப்படித்தான். வெட்டுப்படாமல் கிழிபடும், மறுநாள் நுனியெல்லாம் வெளுத்து நிற்கும். நம் மெஷினின் கத்தியைக் கோடைக்கு முன் ஒரு தடவை சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும்.

பங்குனிக்குள் முடிக்க வேண்டிய மண் வேலை ஒன்று இருக்கிறது. வருடம் முழுக்க மிதித்து மிதித்து மேல்மண் சிமென்ட் மாதிரி இறுகியிருக்கிறது. போதாததற்குக் கட்டடம் கட்டும்போது கொட்டிய கலவைக் கழிவு அடியில் கிடக்கிறது. முதலில் வைக்கோல் மாதிரி அடியில் சேர்ந்திருக்கும் காய்ந்த சருகைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு முள் கரண்டி மாதிரி இருக்கும் தோட்டக் கருவியை அரை அடிக்கு ஒரு குத்தாக நாலு அங்குலம் ஆழத்துக்குக் குத்தி ஆட்டி எடுக்க வேண்டும். அந்தத் துளைகளில் மணலும் சலித்த மக்கிய எருவும் கலந்து தூவிப் பெருக்கிவிட்டால் காற்றும் தண்ணீரும் இறங்கும். எரு சரியாக மக்காவிட்டால் களை விதையும் சேர்ந்து வரும். எரு கொடுப்பவரிடம் அதைக் கண்டித்துச் சொல்லிவிடுங்கள்.

உரம் பற்றிச் சுருக்கமாக. மஞ்சளாகத் தெரிந்தால் உடனே யூரியா போடு என்பது நம் வழக்கமாகிவிட்டது. நூறு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது, போட்டவுடன் தண்ணீர் விட வேண்டும், உச்சி வெயில் மாதத்தில் போடவே கூடாது. நம் இடம் முழுவதற்கும் மூன்று கிலோ போதும். கடையில் மூட்டை 45 கிலோ, வாங்கிய பாவத்துக்காக அத்தனையையும் கொட்ட வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், எல்லா மஞ்சளும் யூரியாப் பசி கிடையாது. இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. நம் பக்கத்து மண்ணில் சுண்ணாம்பு அதிகம், போர் தண்ணீரும் உப்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மஞ்சள் பயிரிடும் ஈரோட்டு விவசாயியைக் கேளுங்கள், அன்னபேதி உப்பு என்பார். லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளித்தால் சில நாளில் பச்சை திரும்பும். நடைபாதை டைல்ஸ் மேல் பட்டால் துருக்கறை போகாது, அதனால் ஓரத்தில் சாக்கு விரித்துக்கொண்டு தெளிக்கவும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு பிடி மண்ணை மருதமலை ரோட்டில் இருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை. இத்தனை பெரிய பல்கலைக்கழகத்தை ஊருக்குள் வைத்துக்கொண்டு நாம் யூடியூபைக் கேட்கிறோம்.

கோரையைக் கையால் பிடுங்கினால் இலைதான் வரும், கிழங்கு உள்ளேயே இருந்து இரண்டாகக் கிளம்பும். மண் ஈரமாக இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுப்பது ஒன்றே வழி. களைக்கொல்லி வேண்டாம். பிள்ளைகள் உருளுகிற இடம்.

மிதிப்பதைப் பற்றிப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து "அங்கே மாதிரி ஏன் இல்லை" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1848-ல் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. உயரமும் குளிரும் வேறு, புல்லும் வேறு. ஆனால் மே மாத மலர்க் கண்காட்சிக்கு முன்பு அங்கேயே பெரிய புல்வெளிக்குள் ஆள் இறங்கத் தடை போட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். நாமும் மிச்சமிருக்கும் 2,500 சதுர அடியை நடுவில் ஒரு கயிறு கட்டி இரண்டாகப் பிரிப்போம். பதினைந்து நாள் இந்தப் பாதியில் கிரிக்கெட், பதினைந்து நாள் அந்தப் பாதியில். கயிறைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொன்னால் கேட்பார்கள். காலை நடைப்பயிற்சிக்குக் குறுக்கே நடக்கும் பெரியவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

பிளாஸ்டிக் புல் கட்சிக்கும் கல் கட்சிக்கும் பதில் சொல்லாமல் உட்காரக் கூடாது. பிளாஸ்டிக் புல் வெயிலில் உயிர்ப்புல்லைவிட மிக அதிகமாகச் சூடாகும். உயிர்ப்புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கும், பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது. மதியம் மூன்று மணிக்கு வெறுங்காலோடு ஒரு குழந்தை அதில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சில வருடத்தில் நைந்துபோனால் குப்பை வண்டியிலும் ஏற்ற முடியாது. கல் பதித்தால் பன்னிரண்டு கார் நிற்கும் என்பது உண்மை, அதை மறுக்க மாட்டேன். கூடவே ஐப்பசி மழையில் அந்த நாலாயிரம் சதுர அடித் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணில் இறங்காமல் நம் அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் இறங்கும், நம் போருக்கு ஒரு சொட்டும் சேராது. இந்த வளாகத்தில் பிள்ளைகளின் கால் மண்ணில் படும் இடம் இது ஒன்றுதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்வைக்கும் தீர்மானம் இது. வடக்குத் துண்டைப் புல்வெளிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு நிழல் தாங்கும் செடிகளும் இரண்டு பெஞ்சும் போடுவது. தெற்கில் 2,500 சதுர அடியை மட்டும் காப்பாற்றுவது. அதற்கு நாளைக்கு 930 லிட்டர் போதும், முழுவதும் சுத்திகரித்த தண்ணீர். லாரித் தண்ணீரும் சிறுவாணியும் புல்லுக்கு இனி இல்லை. குழாய்ச் செலவு, மணல், எரு, சாணை எல்லாம் சேர்த்து மதிப்பீட்டைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். தட்டுப்பாடு முற்றி அந்தத் தண்ணீரும் குறைந்தால் புல் பழுப்பாகட்டும், விட்டுவிடுங்கள். அருகு பழுத்தால் செத்ததாகக் கணக்கில்லை. மண்ணுக்குள் அதன் தண்டு உயிரோடு கிடக்கும், ஒரு நல்ல மழைக்கு எழுந்துவிடும். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று கல்யாண வீட்டில் சும்மாவா வாழ்த்துகிறோம்?

தீர்மானம் நிறைவேறினால் பங்குனி முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் குத்தும் வேலையை ஆரம்பிக்கலாம். தோட்ட வேலை செய்யும் அம்மா ஒருவரே 2,500 சதுர அடியைக் குத்த முடியாது. கருவி நம்மிடம் இரண்டுதான் இருக்கிறது, யார் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள். டீயும் சூடான போண்டாவும் என் பொறுப்பு.